ரேஷன் கார்டு எந்த ஊர்? ஒரகடம் லைன் வீடுகளும் மண்டபம் முகாமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் எந்த டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். “வடக்குல இருந்து வர்றவங்களுக்கே எல்லாம் போயிடுது. ரேஷன் அவங்களுக்கு, ஆஸ்பத்திரி அவங்களுக்கு. நாளைக்கு அவங்க பிள்ளைங்களும் இப்படியே உட்கார்ந்து சாப்பிடும்.”

இதில் இரண்டு குற்றச்சாட்டு இருக்கு. ஒன்று, வந்தவர்கள் கொடுப்பதைவிட அதிகமாக எடுத்துக்கிறாங்க. இரண்டு, இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். முதலாவதை ஒரு சம்பள ஸ்லிப்பை வைத்தே சரிபார்த்துடலாம். இரண்டாவதுக்கு வரலாறு வேணும். தலைமுறை என்றால் 25, 30 வருஷக் கணக்கு. ஒரகடத்துக்கு இன்னும் அவ்வளவு வயசு ஆகலை. ஆனால் தமிழர்கள் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் ஏற்கெனவே நின்றிருக்காங்க. வேற நாட்டில் போய் “வந்தேறி” என்று பெயர் வாங்கியிருக்காங்க. கடல் கடந்து வந்தவர்களுக்கு இங்கே முகாம் கட்டிச் சோறும் போட்டிருக்காங்க. அந்த இரண்டு அனுபவத்தையும் ஒரகடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த எபிசோடு.

காரிடார் உருவான கதை

ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமாக உலகச் செய்தியில் வந்தது. அடுத்த அஞ்சு வருஷத்தில் அதன் அடையாளம் மறுபடியும் மாறத் தொடங்கியது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா போன் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ரெனோ-நிசான் ஒரகடத்தில் ஆலை திறந்தது. அப்புறம் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, டயர், கண்ணாடி, உதிரிபாகம் என்று வரிசையாக வந்தன. நோக்கியா 2014-ல் மூடிவிட்டுப் போனாலும் போன் தயாரிப்பு இங்கிருந்து போகலை.

முதலில் வேலைக்கு வந்தவர்களும் வெளியூர்க்காரங்கதான். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பக்கத்துப் பிள்ளைங்க. அவங்களை யாரும் “வந்தவங்க” என்று சொன்னதில்லை, ஏனென்றால் மொழியும் ரேஷன் கார்டும் இதே மாநிலத்தோடது. அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று தூரம் கூடியது. 2015-16-ல் மாநிலத் தொழிலாளர் துறை எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் சுமார் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் இருந்தாங்க.

தங்க இடம்? வயலை விற்ற காசில் ஊர்க்காரங்க கட்டிய லைன் வீடுகள். ஒரே கூரை, பத்து ரூம், வெளியே பொதுக் குழாய். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கையோடு பெண் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய விடுதி திறந்தாங்க. அது தனியாக வந்து தங்கும் பெண்களுக்கு. குடும்பமாக வந்தவங்களுக்கு இன்னும் லைன் வீடுதான். இந்த “லைன்” என்ற சொல்லை ஞாபகம் வைச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் வேறொரு மலையில் மறுபடியும் பார்ப்போம்.

ஒரு சம்பள ஸ்லிப்

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருத்தரை எடுத்துப்போம். இஎஸ்ஐ-க்கு அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சேர்த்தால் மாதம் 600 ரூபாய். பிஎஃப் அவரிடம் 1,800, முதலாளியிடம் 1,800. முதலாளி போடுவதில் சுமார் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகும். ஆக, அவர் இஎஸ்ஐ மருத்துவமனை வரிசையில் நிற்பது தர்மத்துக்கு இல்லை. மாதாமாதம் பிரீமியம் கட்டிட்டு நிற்கிறார். 20 வயசில், உடம்பு நல்லா இருக்கிற காலத்தில் வந்தவர் என்பதால் கட்டுவது அதிகம், எடுப்பது குறைவு.

பென்ஷனில் இன்னொரு விஷயம் இருக்கு. 10 வருஷம் சர்வீஸ் முடித்தால்தான் மாதப் பென்ஷன். அதுக்கு முன்னாடி போனால் ஒரு தொகையாக எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். இரண்டு வருஷம் இங்கே, ஒரு வருஷம் திருப்பூர், அப்புறம் குஜராத் என்று அலையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, வேலையும் பிஎஃப் கணக்கும் நடுவில் அறுந்துக்கிட்டே இருந்தால் அந்த 10 வருஷத்தைச் சேர்ப்பது சுலபமில்லை.

என் காலேஜ் பேட்சில் பாதிப் பேர் டெக்சஸிலும் நியூஜெர்சியிலும் இருக்காங்க. அவங்களுக்கு இந்தக் கதை நல்லா தெரியும். ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்கு, 1.45 சதவீதம் மெடிகேருக்குப் போகும். அங்கேயும் ஓய்வூதியத் தகுதிக்கு 40 காலாண்டு, அதாவது 10 வருஷம் வேணும். அந்த விசா பொதுவாக 6 வருஷம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதைச் சரிசெய்யும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தால் கட்டிய காசு அங்கேயே நிற்கும். ஒரகடத்தில் வெல்டிங் பண்றவரும் டல்லாஸில் கோடு எழுதுறவரும் ஒரே மாதிரியான கணக்கில் இருக்காங்க.

சரி, ரேஷன்? “ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு” திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகார் கார்டு வைத்திருப்பவர் ஒரகடம் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். ஆனால் கிடைப்பது 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவருக்கு உரிய அரிசி, கோதுமை: ஆளுக்கு மாதம் 5 கிலோ. அவர் இங்கே 5 கிலோ வாங்கினால் ஊரில் அவங்க வீட்டுக் கணக்கில் 5 கிலோ குறையும். டீக்கடையில் சொல்வது போல நம்ம மூட்டையில் இருந்து எடுத்துக் கொடுப்பது இல்லை.

நம்ம மூட்டை என்பது வேற. 1967-ல் “ரூபாய்க்கு ஒரு படி” என்று தொடங்கி, 1997-ல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்திருந்தது. 2011 ஜூனில் இருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு, பாமாயில், பொங்கல் பரிசு எல்லாம் தமிழ்நாட்டுக் கார்டுக்கு. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகையை முதலமைச்சர் தொடங்கி வைத்த இடம் காஞ்சிபுரம். இந்தக் காரிடார் இருக்கிற அதே மாவட்டம். அந்த 1,000 ரூபாய்க்கும் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைதான் அடிப்படை. ஐந்து வருஷமாக இங்கே வாடகை கொடுக்கும் ஒடிசா குடும்பத்துப் பெண்ணுக்கு அது இல்லை. டவுன் பஸ்ஸில் மட்டும் அவரும் இலவசமாக ஏறலாம். அங்கே யாரும் கார்டு கேட்பதில்லை.

கட்டட வேலைக்கு இன்னும் தெளிவான கணக்கு இருக்கு. 1996 சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதிக்குப் போகணும் என்று இருந்தது. தொழிலாளி பதிவு பண்ணியிருந்தால் அதிலிருந்து உதவி. 2018-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தபோது 37,400 கோடிக்கு மேல் வசூலாகியிருந்தது. செலவானது சுமார் 9,500 கோடி. ஊர் ஊராக மாறிக்கிட்டே இருக்கிறவர்களைப் பதிவுக்குள் கொண்டுவர முடியாதது இதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

நான் சாஃப்ட்வேர் எழுதுற ஆள் என்பதால் எனக்கு இது ஒரு டேட்டாபேஸ் பிரச்சினையாகத் தெரியுது. நம்ம நலத்திட்டங்களுக்கு பிரைமரி கீ வீட்டு முகவரி. வீடு நகராது என்று நினைத்து வடிவமைத்த சிஸ்டம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அது அப்படியே வெளியே தெரிந்தது. அரிசி கார்டு உள்ள வீட்டுக்கு 1,000 ரூபாயும் இலவசப் பொருளும் கிடைத்தது. கார்டு வேறு மாநிலத்தில் இருந்தவங்களுக்காகத் தனியாக ஏற்பாடு பண்ண வேண்டியிருந்தது. பல பேர் நடக்கத் தொடங்கினாங்க. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலமும் ஜூலை முடிவதற்குள் கார்டை எங்கேயும் செல்லுபடியாக்கணும் என்று சொல்ல வேண்டி வந்தது.

ஆக, முதல் குற்றச்சாட்டு நிற்கலை. முதல் தலைமுறை கொடுக்குது. அவரை வளர்த்துப் படிக்க வைத்த செலவு ஒடிசாவோடது. வயசான பிறகு பார்த்துக்கும் செலவும் பெரும்பாலும் ஒடிசாவோடது. நடுவில் இருக்கும் உழைக்கிற வருஷங்கள் மட்டும் காரிடாருக்கு.

1662-ல் எழுதின விதி

உதவி வேணும்னா சொந்த ஊருக்குப் போ என்பது ரொம்பப் பழைய விதி. 1662-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. ஏழைக்கு உதவி செய்வது அந்தந்தத் தேவாலய வட்டாரத்தின் பொறுப்பு. அதனால் வேற வட்டாரத்தில் இருந்து வந்தவன் பின்னாடி உதவி கேட்பான் என்று தோன்றினால், வந்த 40 நாளுக்குள் புகார் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம். ஒருத்தருக்கு எந்த ஊர் “சொந்த ஊர்” என்பது பெரும்பாலும் அப்பாவின் ஊரை வைத்து முடிவானது. மகன் அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டான். ஆனாலும் அவனுக்கு அதுதான் ஊர்.

பின்னாடி ஒரு சலுகை வந்தது. ஒரே இடத்தில் முழுசாக ஒரு வருஷம் வேலை பார்த்தால் அந்த ஊர் உன் ஊர். உடனே பண்ணை முதலாளிகள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு வாரம் குறைத்தால் போதும், பொறுப்பு வராது. தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு நல்ல சட்டம் வந்தது: 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. அந்த எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன்னாடி ஒப்பந்தம் முடிந்து, காண்ட்ராக்டர் பெயர் மாறி, அதே ஆள் புது ஆளாகச் சேரும் வழக்கம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்த யாருக்கும் புதுசு இல்லை. 51 வாரமும் 480 நாளும் ஒரே மூளையில் இருந்து வந்த கணக்கு மாதிரி இருக்கு.

சீனா 1958-ல் கொண்டுவந்த ஹுகோவ் பதிவு முறையும் இதே ரகம். கிராமத்துப் பதிவு உள்ள அம்மாவின் பிள்ளைக்கு, நகரத்தில் பிறந்தாலும் கிராமத்துப் பதிவுதான். 1998-ல்தான் அப்பாவின் பதிவையும் எடுத்துக்கலாம் என்று மாற்றினாங்க. போன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெற்றோர் ஷென்சென்னில், பிள்ளை பாட்டியோடு கிராமத்தில் என்ற நிலைமைக்கு இந்தப் பதிவும் ஒரு பெரிய காரணம்.

இந்த விதிகளுக்குள் பொதுவான விஷயம் என்ன? ஊர் என்பது சாதி மாதிரி, பிறப்பால் வருவது. இதே விதி ஒரு தடவை தமிழர்கள்மேல் முழு வேகத்தில் விழுந்தது.

தாத்தாவின் பிறப்புச் சான்று

1820-களில் இருந்து தமிழ்நாட்டுக் கூலிகள் இலங்கை மலைகளுக்குப் போனாங்க. முதலில் காப்பி, 1867-க்குப் பிறகு தேயிலை. தங்கியது தோட்டத்து “லயம்”. லைன் என்ற இங்கிலீஷ் சொல்தான் அது. ஒரே கூரை, பத்து ரூம், பொதுக் குழாய்.

1948-ல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. நீங்கள் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. உங்கள் அப்பா இலங்கையில் பிறந்திருக்கணும். இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்கணும். லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று எங்கே போய்த் தேடுவது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனாங்க. மறு வருஷம் விண்ணப்பம் போட ஒரு வழி திறந்தாங்க. எட்டு லட்சத்துக்கும் மேல் பேருக்காக விண்ணப்பம் போச்சு. கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு.

இதில் நலத்திட்டத்தின் பங்கு என்ன? 1945-ல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இலங்கையின் பெருமை. அதன் பலனில்தான் அந்த நாடு எழுத்தறிவில் ஆசியாவில் முன்னே நின்றது. ஆனால் தோட்டப் பள்ளிகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. அரசு அவற்றை எடுத்துக்கொண்டது 1970-களில்தான். கிட்டத்தட்ட 30 வருஷம், ஒரு முழுத் தலைமுறை. தேயிலை ஏற்றுமதியில் அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தது இந்த மக்கள். அந்தக் காசில் நடந்த பள்ளிக்கூடத்தில் இவங்க பிள்ளைகளுக்கு இடம் இல்லை. பின்னாடி “மலையகத்தில் படிப்பில் பின்தங்கியிருக்காங்க” என்று சொன்னவர்கள், யார் கதவைச் சாத்தி வைத்தது என்பதைச் சொல்ல மறந்துட்டாங்க.

ஒரே கடல், ஒரே முகாம், இரண்டு கதை

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1.5 லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரிச்சாங்க. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இவங்க இந்தியக் குடியுரிமையோடு வந்தவங்க. அரசு மொழியில் “தாயகம் திரும்பியோர்”. இவங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் தொடங்கியதுதான் டான்டீ. பர்மாவில் இருந்து திரும்பியவங்களும் அதே காலத்தில் வந்தாங்க; அவங்களுக்காக 1969-ல் உருவானது பர்மா பஜார்.

அதே 1969-ல் ஒரு வங்கியும் பிறந்தது: ரெப்கோ. வீட்டுக் கடன் தேடிய யாரும் இந்தப் பெயரைக் கடந்திருப்பீங்க. முதல் இரண்டு எழுத்தில் ஒளிந்திருப்பது “ரீபேட்ரியேட்ஸ்”, தாயகம் திரும்பியோர். அவங்க கடை வைக்க, மாடு வாங்கக் கடன் கொடுப்பதற்காகத் தொடங்கிய கூட்டுறவு வங்கி அது. 2000-த்தில் அதிலிருந்து வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று வந்தது. 2013-ல் அது பங்குச் சந்தையில் பட்டியலானது. அகதிக்காகப் போட்ட விதை இன்றைக்கு நம்மைப் போன்றவங்களுக்கு இஎம்ஐ போட்டுக் கொடுக்குது.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்ல வரலை. கடன் தொகை சிறியது. ஏமாந்தவங்க நிறையப் பேர். கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமையாகச் சிக்கினவங்களும் உண்டு. டான்டீ குடியிருப்புகளில் இன்னும் கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்கள் இருக்கு. ஆனால் ஒரு விஷயம் கவனிங்க. பேரப்பிள்ளைங்க யாரும் தாயகம் திரும்பியோர் என்பதற்காக மாதாமாதம் பணக்கொடை வாங்கலை. வேலைக்குப் போறாங்க, ஓட்டுப் போடுறாங்க, எல்லோரையும் போல ரேஷன் வாங்குறாங்க.

இப்போ அடுத்த கூட்டம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவங்க. அதே கடல், அதே மண்டபம் முகாம், அதே தமிழ். அடுத்தடுத்த அலைகளில் 3 லட்சத்துக்கும் மேல் வந்தாங்க. பல பேர் திரும்பிப் போனாங்க. 2021-ல் நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தாங்க. 40 வருஷமாக அரசுப் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் அதைக் குடும்பத் தலைவருக்கு 1,000-த்தில் இருந்து 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவங்களுக்கு 1,000 ரூபாயாகவும், குழந்தைக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தி, அகதி முகாம் என்ற பெயரையும் “மறுவாழ்வு முகாம்” என்று மாற்றினாங்க.

மூன்று தலைமுறை பணக்கொடை. டீக்கடைக்காரர் சொன்ன இரண்டாவது குற்றச்சாட்டுக்கு அப்படியே பொருந்துகிற மாதிரித் தெரியும். ஆனால் ஏன் என்று பாருங்க. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் “சட்டவிரோதக் குடியேறி”யாக இருக்கக் கூடாது. படகில் உயிர் தப்பி வந்தவர் கையில் விசா இருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர் அந்த வகை. 2019 திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படலை. அதனால் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் டிகிரி வாங்கினவருக்கும் அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. 1991-க்குப் பிறகு முகாம்களில் கண்காணிப்பும் இறுகியது. நாட்கூலிக்குப் பெயின்ட் அடிக்கப் போகலாம். ஆஜர் எடுக்கும் நாளில் முகாமில் இருக்கணும்.

எங்க தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரி இரண்டு கூட்டம், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. வரலாறு அவ்வளவு சுத்தமாகச் சோதனை நடத்தாது. ஒரு கூட்டம் ஒப்பந்தத்தில் வந்தது, இன்னொன்று போரில் இருந்து ஓடி வந்தது, திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையும் அவங்களுக்கு இருந்தது. அதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுது. ஒரு கூட்டத்துக்குக் கையில் காகிதம் இருந்தது. உதவி கொஞ்ச காலத்தில் தேவையில்லாமல் போனது. இன்னொரு கூட்டத்துக்குச் சோறு கொடுத்தோம், படிப்பும் கொடுத்தோம், காகிதம் கொடுக்கலை. உதவி பேரப்பிள்ளை வரைக்கும் நீண்டது. இந்தப் பரம்பரைச் சார்பை உண்டாக்கியதில் பெரிய பங்கு வாசலில் எழுதி வைத்த விதிக்குத்தான்.

ஒரகடத்தின் இரண்டாம் தலைமுறை

அமெரிக்காவிலும் இதே சண்டை பழசு. 1969-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆனால்தான் உதவி என்ற விதியை ரத்து செய்தது. 1996-ல் வெளிநாட்டில் இருந்து வந்தவங்களுக்கு முதல் 5 வருஷம் பெரும்பாலான மத்திய அரசு உதவிகள் இல்லை என்று சட்டம் போட்டாங்க. 2016-ல் அவங்க தேசிய அறிவியல் அகாதமி தலைமுறைவாரியாகக் கணக்குப் பார்த்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மாநில அரசுகளுக்கு முதல் தலைமுறையால் செலவு வருவது உண்மை; அதில் பெரும்பகுதி அவங்க பிள்ளைகளின் பள்ளிச் செலவு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது, நாட்டிலேயே அதிகம் வரி கொடுக்கும் கூட்டங்களில் ஒன்றாக ஆனாங்க. ஒரு வருஷக் கணக்கை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நஷ்டம் மாதிரித் தெரியும். 30 வருஷம் ஓட விட்டால் முதலீடு என்று தெரியும்.

ஒரகடத்தில் அந்த 30 வருஷம் இப்போதான் தொடங்கியிருக்கு. பக்கத்து அரசுப் பள்ளிகளில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைங்க தமிழ் எழுத்து எழுதுறாங்க. இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பாராட்டணும். 1982 ஜூலை 1-ல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. பள்ளியில் பெயர் இருந்தால் தட்டில் சாப்பாடு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி நடுவில் வந்தாலும் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும். 1945-ல் இலங்கை தோட்டத்துப் பிள்ளைக்குச் செய்யாததை இங்கே செய்றோம்.

ஆனால் பள்ளிக்கு வெளியே பழைய வாசல்கள் அப்படியே இருக்கு. பெரியது சாதிச் சான்றிதழ். ஆந்திராவில் பழங்குடியான ஒரு குடும்பம் வேலைக்காக மும்பை போச்சு. மகன் அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டார். 1990-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பதில்: பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி, ஒரு மாநிலத்துத் தகுதியை இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது. அதன்படி பீகாரில் தலித்தாக இருப்பவரின் மகள் ஒரகடத்தில் பிறந்து, தமிழில் பிளஸ் டூ முடித்தாலும், தமிழ்நாட்டு எஸ்சி ஒதுக்கீட்டில் வர முடியாது. அந்தந்த மாநிலத்து ஒடுக்கப்பட்டவங்களின் இடத்தைப் பாதுகாக்கணும் என்ற நியாயம் இதன் பின்னால் இருக்கு. அதைத் தள்ள முடியாது. ஆனால் ஊர் அப்பா வழியாக வருது என்ற 1662 விதியும் இதற்குள் இருக்கு. இந்த மகளுக்கு எந்த ஊர்?

இரண்டாவது, ரேஷன் கார்டே. ஊர் கார்டில் இருந்து பெயரை நீக்கிக்கிட்டால் இங்கே புது கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் தடை இல்லை. நடைமுறையில் முகவரிச் சான்று வேணும். அதுக்கு வாடகை ஒப்பந்தம் வேணும். பத்து ரூமுக்கு ஒரே மீட்டர் வைத்திருக்கும் லைன் வீட்டு ஓனர் ஒப்பந்தம் எழுதித் தருவாரா? அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் ஊர் கார்டை விடுவாரா? 480 நாளைத் தொடவிடாத வேலை, கார்டைத் தொடவிடாத வாடகை, இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பத்து வருஷம் ஆனாலும் “நேற்று வந்தவங்க” ஆகவே வைத்திருக்கும்.

இதுக்குத் தீர்வு பெரிய தத்துவம் இல்லை. ஊர் நிர்வாகம் லைன் வீட்டு வாடகையைப் பதிவு பண்ண ஒரு எளிய படிவம். இவ்வளவு வருஷம் இங்கே பிஎஃப் கட்டியிருந்தால் அதையே வசிப்பிடச் சான்றாக எடுத்துக்கும் ஒரு விதி. பத்து வருஷம் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, மற்றவங்க இடத்தைத் தொடாமல் கல்லூரிக் கட்டணத்திலாவது ஒரு சலுகை. டேட்டா எல்லாம் ஏற்கெனவே அரசிடம் இருக்கு. இஎஸ்ஐ எண், பிஎஃப் எண், பள்ளியின் எமிஸ் எண். எதுவும் ஒன்றோடொன்று பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் ரெப்கோ வங்கியின் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்க. யாருக்கும் தெரிந்திருக்காது, அதில் இருந்து பேச்சைத் தொடங்கலாம். இந்த வருஷம் ஒரகடம் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைக்கு 18 வயசு ஆக இன்னும் 12, 13 வருஷம் இருக்கு. அந்தப் பிள்ளை சம்பள ஸ்லிப் வாங்கப் போகுதா, வேற ஊர் கார்டு வைச்சுக்கிட்டு மறுபடியும் ஒப்பந்த வேலைக்கு வரிசையில் நிற்கப் போகுதா என்பது அதுக்குள்ளே நாம் எழுதுற விதியில் இருக்கு.